குளியலறை கட்டப் போறீங்களா?

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவி ஒருவர்)

மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்களே, தலைப்பைப் பார்த்ததும் இது சிவில்காரர்கள் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். லேத்து ஓட்டுகிறவரும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குளித்துத்தானே ஆக வேண்டும்!

போன வருஷம் ஒரு சனிக்கிழமை எங்கள் அப்பத்தா, அத்தை வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனார். புது வீடு. குளியலறைத் தரையில் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. ஒரு வாளி தண்ணீர்கூட ஊற்றியிருக்க மாட்டார், வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, மூன்று மாதம் படுக்கை. "அறுபது வருஷம் கம்மாய்க் கரையில குளிச்சேன், ஒரு நாள் விழுகலையே" என்று அவர் சொல்லிச் சொல்லி அழுததை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை.

அப்பத்தாவை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். அதுவரை எங்களுக்குக் குளியலறை என்றால் வீட்டுக்குப் பின்னால் நான்கு ஓலைத் தட்டிதான். சேர்த்து வைத்திருந்த பணத்தில் 6 அடிக்கு 4 அடி ஒரு குளியலறை கட்டலாம் என்று ஆனது. அப்பா என்னைப் பார்த்து, "நீதானே ஆத்தா சிவில் படிக்கிறே. தரைக்கு என்ன, சுவருக்கு என்னன்னு நீயே சொல்லிரு" என்றார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் நான் சொன்னால் தப்பாகாது என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்படித் தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடையில் போய் முதலில் நான் எதைக் கை காட்டினேன் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தந்த நிறத்தில், சாம்பல் அலை ஓடுகிற, நல்ல பளபளப்பான டைல்ஸ்! கடைக்காரரும் "இதுதான் இப்ப எல்லாரும் போடுறாங்க" என்றார். நல்லவேளை, சாம்பிளுக்கு ஒன்று வாங்கி வந்து எங்கள் மேஸ்திரியிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அதைத் தரையில் வைத்து, இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அரப்புத் தண்ணியைத் தெளித்தார். "செருப்பைக் கழட்டிட்டு இதுமேல ஒரு கால வச்சு அழுத்திப் பாரு பாப்பா" என்றார். வைத்தேன். அப்பா கையைப் பிடித்திருக்காவிட்டால் நானும் ஆஸ்பத்திரிக்குத்தான்.

அப்புறம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், ஜெர்மனிக்காரர்கள் கிட்டத்தட்ட இதே சோதனையைத்தான் முறையாகச் செய்கிறார்கள்! ஒரு சாய்வு மேடையில் டைல்ஸைப் பதித்து, எண்ணெய் ஊற்றி, பூட்ஸ் போட்ட ஆளை அதன் மேல் நடக்க விடுவார்கள். மேடையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போவார்கள். எத்தனை டிகிரியில் ஆள் வழுக்குகிறாரோ அதை வைத்து மதிப்பெண். 6 முதல் 10 டிகிரி வரை தாங்கினால் ஆர் 9. 10 முதல் 19 வரை ஆர் 10. 19 முதல் 27 வரை ஆர் 11. அதற்கு மேல் ஆர் 13 வரை உண்டு. வெறுங்காலுக்கு என்று தனிச் சோதனை இருக்கிறது. அதில் எண்ணெய்க்குப் பதில் சோப்புத் தண்ணீர். 12 டிகிரி தாங்கினால் ஏ, 18 தாங்கினால் பி, 24 தாங்கினால் சி. வீட்டுக் குளியலறைத் தரைக்கு ஆர் 10 அல்லது ஆர் 11 கேளுங்கள். வெறுங்கால் மதிப்பும் போட்டிருந்தால் 'பி' நல்லது. நம் ஊரில் பல பெட்டிகளில் இந்த எண் அச்சாகி இருப்பதில்லை. கம்பெனி விவரப் புத்தகத்தைக் கேட்டால் காட்டுவார்கள். அதுவும் இல்லையா, மேஸ்திரி சோதனை இருக்கவே இருக்கிறது. நல்லெண்ணெய் இரண்டு சொட்டு, செலவு ஒன்றும் பெரிதில்லை. பக்கத்தில் ஆளை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதற்காக ரொம்பச் சொரசொரப்பாகவும் வாங்கக் கூடாது. மேடு பள்ளத்தில் சோப்பு அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து பாசி பிடித்தால், அதுவே வழுக்கும். தேய்த்துக் கழுவுவது பெரும்பாலும் யார் என்று உங்களுக்கே தெரியும், அம்மாதான். கையால் தடவினால் நைஸ் அரம் மாதிரி இலேசாகப் பிடிக்க வேண்டும், துணி மாட்டிக்கொள்ளக் கூடாது. இதைத்தான் மேட் பினிஷ் என்கிறார்கள். இன்னொரு வழி, சின்ன அளவு டைல்ஸ் போடுவது. 2 அடிக்கு 2 அடி ஒரே பலகையாகப் போடுவதைவிட 1 அடிக்கு 1 அடி போட்டால் இணைப்புக் கோடுகள் அதிகம், கால் பிடிமானமும் கூடும். வாட்டம் கொடுப்பதும் சுலபம்.

வாட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. தரை எவ்வளவு நல்ல கல்லாக இருந்தாலும் தண்ணீர் தேங்கினால் வழுக்கத்தான் செய்யும். 80க்கு 1 என்று வாட்டம் கொடுத்தால் போதும். 6 அடி நீளத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு அங்குலம். தண்ணீர் போகும் நானி டிராப்பை வாசலுக்கு எதிர் மூலையில் வைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் குடிக்கும் டைல்ஸ்

நாம் எல்லாவற்றையும் டைல்ஸ் என்ற ஒரே பெயரில் சொல்கிறோம். ஆனால் உள்ளே அது எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதில்தான் ஜாதகமே இருக்கிறது. ஐ.எஸ். 15622 என்ற நம் நாட்டுத் தர விதியும் டைல்ஸை இப்படித்தான் பிரிக்கிறது. உலர்ந்த டைல்ஸின் எடையைக் குறித்து, தண்ணீர் ஏற்றி, மறுபடி எடை போட்டு, கூடிய எடை எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். சாதாரண செராமிக் சுவர் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேல் குடிக்கும். செராமிக் தரை டைல்ஸ் 3 முதல் 10 வரை. விட்ரிபைடு என்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. களிமண்ணோடு பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் எல்லாம் சேர்த்து 1200 டிகிரி வாக்கில் சுடும்போது உள்ளே இருக்கிறது பாதி உருகிக் கண்ணாடி மாதிரி இறுகிவிடுகிறது. துவாரம் இல்லை, தண்ணீர் போக இடமும் இல்லை.

இதை நம்பாமல் நானே செய்து பார்த்தேன். கடையில் உடைந்து கிடந்த துண்டுகளைக் கேட்டு வாங்கி, வெயிலில் காய வைத்து, எங்கள் மெட்டீரியல் லேப் தராசில் எடை போட்டு, ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டேன். 200 கிராம் சுவர் டைல்ஸ் துண்டு மறுநாள் 228 கிராம். அதாவது 14 சதவீதம். விட்ரிபைடு துண்டு 250 கிராம் இருந்தது, மறுநாள் 251. முறையான சோதனையில் அடுப்பில் வைத்து உலர்த்தி, கொதிக்க வைத்து எல்லாம் செய்வார்கள். ஆனால் நமக்கு வித்தியாசம் தெரிய இது போதும். தராசு இல்லையென்றால் டைல்ஸின் பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சிவிட்டால் செராமிக், முத்து மாதிரி நின்றால் விட்ரிபைடு.

அப்படியானால் எல்லா இடத்திலும் விட்ரிபைடே போட்டுவிடலாமா? வேண்டாம். சுவரில் யாரும் நடக்கப் போவதில்லை. மேலே மெருகு பூசியிருப்பதால் முன்பக்கம் வழியாகத் தண்ணீர் போகாது. செராமிக் எடையும் குறைவு, வெட்டுவதும் சுலபம், விலையும் குறைவு. சுவருக்கு அதுவே போதும். அங்கே பளபளப்பாகவே வாங்கலாம், துடைக்க நன்றாக இருக்கும். (என்னுடைய தந்த நிற ஆசையை அங்கே தீர்த்துக்கொண்டேன்!) ஆனால் சுவர் டைல்ஸை மட்டும் தரைக்குப் போடாதீர்கள். பலம் குறைவு, வாளி விழுந்தால் போச்சு.

பலரும் கோட்டை விடுவது ஒட்டும் விஷயத்தில். நம் கொத்தனார்கள் சுவர் டைல்ஸைத் தண்ணீரில் ஊற வைத்து, சிமெண்ட் பால் தடவி ஒட்டுவார்கள். ஊற வைக்காவிட்டால் காய்ந்த டைல்ஸ் சிமெண்டில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், சிமெண்ட் இறுகாமல் பொடியாகிவிடும். செராமிக்குக்கு இது சரிதான், சிமெண்ட் பால் அந்தத் துவாரங்களுக்குள் புகுந்து பிடித்துக்கொள்கிறது. அதே வித்தையை விட்ரிபைடிடம் காட்டினால் பலிக்காது. துவாரமே இல்லாதபோது எதைப் பிடிப்பது? கொஞ்ச நாளில் கழன்றுவிடும். விட்ரிபைடுக்கு பாலிமர் கலந்த டைல்ஸ் பசை வேண்டும், ஊற வைக்கவும் தேவையில்லை. பசையைப் பல் வைத்த கரண்டியால் முழுக்க இழுத்து ஒட்ட வேண்டும். நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து உருண்டை வைத்து அழுத்துகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அப்படி ஒட்டினால் உள்ளே காலி இடம் விழும், தண்ணீர் அங்கே தேங்கும். வேலை முடிந்ததும் ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பாருங்கள். 'டக்' என்றால் சரி, 'டொப்' என்று பொத்தலாகக் கேட்டால் அதை எடுத்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். மேஸ்திரி முறைப்பார். பரவாயில்லை.

கல் போட்டால் என்ன?

எங்கள் பக்கம் கல் பிரியர்கள் அதிகம். மதுரை மேலூர், கிருஷ்ணகிரி எல்லாம் கிரானைட்டுக்குப் பேர் போன இடங்கள். கிரானைட்டில் இருப்பது குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார். கடினத்தில் 10க்கு 6, 7 வாங்குகிற கனிமங்கள். சாதாரண ஆசிட்டும் அதை ஒன்றும் பெரிதாகச் செய்யாது. உறுதிக்கு அதைவிட நல்லது கிடைக்காது. ஆனால் பாலீஷ் போட்ட கிரானைட் ஈரத்தில் கண்ணாடிதான். நெருப்பால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட் கிடைக்கிறது, அதைத் தரைக்குப் போடலாம்.

கடப்பா கல் ஆந்திராவிலிருந்து வருவது, கறுப்பாக அழகாக இருக்கும். ஆனால் அது சுண்ணாம்புக் கல் இனம். மார்பிளும் அப்படியே கால்சியம் கார்பனேட். கடினம் 3தான். எலுமிச்சைச் சாறு பட்டாலே மெருகு போய் வெளிறும். பாத்ரூம் ஆசிட் பட்டால் கேட்கவே வேண்டாம், பொங்கி நுரை வரும்.

காரைக்குடிப் பக்கத்தில் ஆத்தங்குடி டைல்ஸ் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். கண்ணாடி மேல் வர்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊற வைத்துச் செய்கிறார்கள். சூளையே கிடையாது. கூடத்தில் போட்டால் அந்தப் பூக்கோலத்துக்கு ஈடு இல்லை. எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் குளியலறைக்கு மனசில்லாமல் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது சிமெண்ட், தண்ணீரை உறிஞ்சும், உப்புத் தண்ணீரில் வெள்ளை பூக்கும், ஆசிட் ஆகவே ஆகாது.

இந்த உப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் ஊர் போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் அதிகம். தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் தங்கும். கறுப்பு, கருநீல டைல்ஸ் கடை விளக்கில் ராஜா மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் விபூதி பூசியது மாதிரி ஆகிவிடும். உங்கள் ஊர்த் தண்ணீரில் இரும்பு இருந்தால் கதை வேறு, வெள்ளை டைல்ஸில் செம்பழுப்புக் கறை விழும். அதனால் நிறம் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் வீட்டு வாளியின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைப் படிவா, பழுப்புப் படிவா என்று அதுவே சொல்லிவிடும். வெள்ளைப் படிவு என்றால் மணல் நிறம், வெளிர் சாம்பல். பழுப்பு என்றால் காவி, தேன் நிறம் பக்கம் போங்கள். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தரையும் சுவரும் ஒரே நிறமாக இருந்தால் மங்கிய கண்ணுக்குத் தரை எங்கே முடிகிறது என்று தெரியாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிற மாதிரி எடுங்கள்.

படிவு போக்கத்தான் ஆசிட் ஊற்றுகிறார்கள். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். டைல்ஸின் மெருகைவிட அது முதலில் தின்பது நடுவிலிருக்கும் இணைப்புச் சிமெண்டைத்தான். இணைப்பு கரைந்தால் தண்ணீர் நேரே அடியில் இறங்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. வீட்டில் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். தரை இணைப்புக்கு மட்டுமாவது எபாக்ஸி நிரப்பி போட்டால் ஆசிட்டைத் தாங்கும், தண்ணீரும் இறங்காது. விலை அதிகம், பூசுவதும் சீக்கிரம் முடிக்க வேண்டிய வேலை. நாங்கள் தரைக்கு எபாக்ஸி, சுவருக்குச் சாதா சிமெண்ட் நிரப்பி என்று பிரித்துக்கொண்டோம்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளும் இருக்கிறது. டைல்ஸுக்கு அடியில் பூசும் நீர்த்தடுப்புப் பூச்சு. "டைல்ஸே தண்ணி விடாதே, அப்புறம் எதுக்கு?" என்று அப்பா கேட்டார். டைல்ஸ் விடாது, இணைப்பு விடும். சிமெண்டும் பாலிமரும் கலந்த பூச்சை முதல் கை நெடுக்காகவும், அது காய்ந்த பிறகு இரண்டாம் கை குறுக்காகவும் அடிக்க வேண்டும். தரையோடு நிறுத்தாமல் சுவரில் ஒரு அடியாவது ஏற்ற வேண்டும், தண்ணீர் ஊற்றிக் குளிக்கிற பக்கம் தலை உயரம் வரை. தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக உருட்டிவிட்டு அடித்தால் அங்கே விரிசல் விடாது. பிறகு டிராப்பை அடைத்து, தண்ணீர் கட்டி, மட்டத்தைக் கரிக்கோடு போட்டு இரண்டு நாள் விட்டோம். மாடிக் குளியலறை என்றால் இதை விட்டுவிடவே கூடாது, கீழ் வீட்டுக் கூரைதான் பதில் சொல்லும்.

குழாய் வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். குரோமியம் பூசிய பித்தளை கனமாக இருக்கும், துத்தநாகக் கலவை இலேசு. எவர்சில்வரில் 304 என்ற தரம் துருவுக்குத் தாங்கும். காந்தம் ஒட்டவில்லை, அதனால் இது 304 என்று கடையில் சொன்னால் தலையாட்டாதீர்கள், மலிவான 202க்கும் காந்தம் ஒட்டாது. சுவருக்குள் போகும் குழாய் பிளாஸ்டிக்கே மேல், ஜி.ஐ. உள்ளே துருப் பிடிக்கும். வெந்நீர் ஓடும் என்றால் சி.பி.வி.சி. கதவுக்கு மரம் வேண்டாம், அடிப்பக்கம் ஊறி உளுத்துவிடும். பி.வி.சி. அல்லது பைபர் கதவு போதும்.

கணக்கு ஒன்று. எங்கள் அறையின் சுற்றளவு 20 அடி, டைல்ஸ் உயரம் 7 அடி, ஆக 140 சதுர அடி. கதவுக்கு இரண்டரை அடிக்கு 7 அடி கழித்தால் 122.5. "12க்கு 18 அங்குலம்" என்று கடையில் சொல்கிற டைல்ஸ் ஒன்றரை சதுர அடிதானே, 82 போதும் என்று எழுதினேன். மேஸ்திரி சிரித்தார். பெட்டியில் 300க்கு 450 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. அப்படிப் பார்த்தால் 85 வேண்டும். வெட்டுக் கழிவுக்கு 8 சதவீதம் சேர்த்தால் 92. பெட்டி மேல் இருக்கும் ஷேடு எண்ணும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு போய் மூன்று டைல்ஸ் கேட்டால் அதே நிறம் கிடைக்காது. மிச்சம் வந்த நான்கை அம்மா பரணில் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

கடைசியாக, பிடித்து நிற்க எவர்சில்வர் கம்பி ஒன்று. டைல்ஸை மட்டும் பிடித்து நிற்கிற மாதிரி வைத்தால் ஒரு நாள் டைல்ஸோடு சேர்ந்து வரும். செங்கல்லுக்குள் ஆழமாகத் துளை போட்டு முடுக்கினோம். அந்தத் துளைக்குள்ளும் நீர்த்தடுப்புப் பசை வைத்தோம்.

தை மாதம் அப்பத்தா வந்தார். மறுநாளே சனிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு உள்ளே போனார். நானும் அம்மாவும் கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு தலையில் துண்டோடு நின்றார்.

"ஏன் ஆத்தா, இம்புட்டுக் காசு போட்டீகளே, ஒரு நல்ல கலரா எடுக்கக் கூடாதா? சாணி மொழுகுன தரை மாதிரியில்ல இருக்கு!" என்றார்.

கம்பியைப் பிடிக்காமல் நின்றுதான் சொன்னார்.